மதுரைக்காரம்மா எடுத்த போட்டோ

1

போன மாதம் ஒரு படிவத்தில் 'பெயர் தெரியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. பத்து நாள் கழித்துத் தெரிந்தது. அன்றிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை. இங்கே யாரிடமாவது சொன்னால், "அதனாலென்ன, திருத்திக்கொள்ளலாமே" என்பார்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் அந்தப் பக்கத்து ஆட்கள், எங்கே வலிக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

நான் இருப்பது ஜெர்மனியின் வடக்கே ஒரு சின்ன ஊர். வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. வீட்டுக்காரருக்கு வேலை வேறு ஊரில். திங்கட்கிழமை விடிய ரயிலேறினால் வெள்ளிக்கிழமைதான் முகத்தைப் பார்க்கலாம். ஒரே மகள் நிலா இந்த அக்டோபரில் படிப்புக்காகத் தனியாகப் போய்விட்டாள். எனக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலை வேலை. பகல் இரண்டு மணிக்கு வீடு வந்துவிடுவேன். அதற்குப் பிறகு வீட்டில் எனக்காகச் சத்தம் கொடுப்பது துணி துவைக்கும் மெஷின் மட்டும்தான், முடிந்துவிட்டது வந்து எடு என்று.

இந்த ஊர் அலுவலகங்களில் என் பெயர் திருமதி கருப்பையா. கருப்பையா என் அய்யா. பாஸ்போர்ட் எடுத்தபோது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினோம். இங்கே வந்ததும் அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. எங்கள் ஊரில் திருமதி கருப்பையா என்று கூப்பிட்டால் எங்கம்மாதான் திரும்பிப் பார்த்திருப்பார். வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு அம்மாளிடம் இதை விளக்கிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் உங்கள் குடும்பப் பெயர் எது?" என்றார். கிடையாது என்றேன். "அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

என் சொந்தப் பெயர் ராக்கம்மாள். ராக்கு என்று கூப்பிட்ட கடைசி ஆள் எங்கம்மா. அவர் போய் ஏழு வருஷம் ஆகிறது.

2

அம்மா போன பிறகு ஊருக்குப் போக ஒரு காரணம் கிடைக்கவில்லை. சத்திரக்குடிக்குப் பக்கத்தில் இருந்த வீட்டைச் சித்தப்பா மகன் எடுத்துக்கொண்டு மாடி கட்டிவிட்டான். இந்த ஆடியில்தான், மகள் வெளியே போவதற்கு முன் ஒரு தடவை காட்டிவிடுவோம் என்று நானும் அவளும் கிளம்பினோம். இராமநாதபுரத்தில் லாட்ஜ் எடுத்தோம். சொந்த ஜில்லாவில் காசு கொடுத்துப் படுத்தது அதுதான் முதல் தடவை. தலையணை உறையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், வெளியூர்க்காரி மாதிரி.

ஊரில் எங்களுக்கு வேலை என்று எதுவும் இல்லை. வேலை இல்லாதவள் என்ன செய்வாள், போட்டோ எடுத்தேன். புது போன் வேறு. அரண்மனை வாசலில் பூக்கட்டுகிறவரின் கைவிரல், சாலை நடுத்திட்டில் அசையாமல் படுத்திருந்த ஆட்டுக் கூட்டம், உச்சிப்புளிப் பக்கம் ஒரு டீக்கடையில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஷாம்புச் சரங்கள், பேருந்து நிலையத்தில் செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்கும் ஆள். இராமேஸ்வரத்தில் தீர்த்தக் கிணற்று மேல் நின்று வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டே செல்போனில் வீட்டுச் சண்டையைத் தீர்த்துவைத்துக்கொண்டிருந்த ஒருவர். இதெல்லாம் நான் வளர்ந்த காலத்திலும் இருந்ததுதான். அப்போது நின்று பார்த்ததில்லை. இப்போது எல்லாவற்றின் மேலும் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்கத் தெரிந்துவிட்டது.

மகளுக்காக எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். அவள் வாடகைக் காரில் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு கிடந்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். இது எங்கள் வீட்டு வழக்கம். டிரைவர் தம்பிதான் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, ஒங்க ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்றார் மெதுவாக.

"இல்ல தம்பி, நாங்க பேசிக்கிட்டுத்தான் வாரோம்" என்றேன்.

3

பாம்பன் சாலைப் பாலத்தில் எல்லாரும் வண்டியை நிறுத்திப் பக்கத்திலிருக்கும் ரயில் பாலத்தைப் போட்டோ எடுப்பார்கள். புதுப் பாலமும் பழைய பாலமும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. நானும் எடுத்தேன். ஆடிக் காற்று போனையே பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. பாலம் இறங்கியதும் சாலையோரத்தில் தார்ப்பாய் கட்டிய கடை ஒன்று. சங்கு, சிப்பி மாலை, ஒரு பக்கம் கருவாட்டுப் பொட்டலம். உள்ளே மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நீலத் தார்ப்பாய் வழியாக வெயில் வடிந்து அவள் முகத்தில் பாதி நீலமாக விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். முகத்துக்காக இல்லை, நீலத்துக்காக.

"அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கிறவா?" என்றேன்.

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். மகளையும் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"எடுத்துக்கங்க. நீங்க எந்த ஊரு?"

"மதுரை."

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பாதிப் பேர் ஊருக்கு வந்தால் இதைத்தான் செய்கிறோம். எந்த ஊர் என்று கேட்டால் பக்கத்துப் பெரிய ஊர் ஒன்றைச் சொல்லிவிடுவது. ஜெர்மனி என்றால் விலை இரண்டு மடங்காகும், சம்பளம் எவ்வளவு என்பார்கள், அங்கே ஒரு வேலை கிடைக்குமா என்பார்கள். சத்திரக்குடி என்று உண்மையைச் சொன்னால் இன்னும் மோசம், யார் மகள், எந்தத் தெரு என்று கேட்டு ஐந்தாவது நிமிஷம் ஜெர்மனிக்கு வந்து நிற்பார்கள். மதுரை என்றால் யாரும் மேலே கேட்பதில்லை. முதல் விடுமுறையிலேயே இதைக் கற்றுக்கொண்டேன். இப்போது யோசிக்காமலே வாயில் வருகிறது.

"மதுரையா?" என்றாள் அவள்.

"ஆமாக்கா, மதுரைதான்."

"மதுரையில எங்கன?"

"அண்ணா நகர் பக்கம்."

"சரி" என்றாள். தலைமுடியை ஒதுக்கிவிட்டு, முந்தானையை இழுத்து மூடி, நேராக போனைப் பார்த்துச் சிரித்தாள். நான்கு படம் எடுத்தேன். மூன்றாவது படம் பிரமாதமாக வந்தது.

கிளம்பும்போது தட்டிலிருந்து ஒரு சின்னச் சங்கை எடுத்து நிலா கையில் வைத்தாள். "மகதான? ஒங்க ஜாடை அப்படியே இருக்கு. வச்சுக்க தாயி" என்றாள். சின்னதைச் சும்மா கொடுத்துத்தான் பெரியதை வாங்க வைப்பார்கள் என்று நினைத்து, நான் மகளை இழுத்துக்கொண்டு வேகமாகக் காரில் ஏறினேன்.

4

செப்டம்பர் முழுக்க, பகல் இரண்டு மணிக்குப் பிறகு, ஒவ்வொரு படமாக இணையத்தில் போட்டேன். 'சாலையோரம்' என்று தலைப்பு. விருப்பக்குறிகள் விழ விழ எனக்குக் கை ஓயவில்லை. யாரோ நம் வீட்டுக்கு வந்து போகிற மாதிரி இருந்தது. அதிலும் சங்குக்கடைப் படத்துக்குத்தான் கூட்டம். "என்ன ஒரு கள்ளமில்லாத சிரிப்பு" என்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்.

எங்கள் ஊர் நூலகத்தில் குளிர்காலம் வந்தால் பயணப் படங்களைக் காட்டும் மாலை நேரங்கள் நடக்கும். ஓய்வு பெற்றவர்கள் போய்வந்த மலை, பார்த்த ஆடு என்று காட்டுவார்கள். அதை நடத்துகிறவர் ஹெல்கா, எழுபது வயது. இந்த ஊரில் எனக்கு நெருக்கம் என்று சொன்னால் அவர்தான். இங்கே பழகியவர்களையும் மரியாதையாக 'நீங்கள்' என்றுதான் பேசுவார்கள். 'நீ' என்று பேச முறையாகக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். பழகி மூன்று வருஷம் கழித்து ஹெல்கா ஒரு நாள் காபிக்குக் கூப்பிட்டு, நாம் இனிமேல் நீ என்று பேசிக்கொள்ளலாமா என்று கேட்டார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பரிசு விழுந்த மாதிரில்ல சொல்ற" என்றார். பரிசுதான்.

அந்த ஹெல்கா என் படங்களைப் பார்த்துவிட்டு, பத்தைப் பெரிதாக்கி நூலக நடையில் மாட்டலாம் என்றார். சங்குக்கடைப் படம் நுழைவுக்கு நேரே. பின்னால் ஒரு அட்டையில் தமிழில் என்னவோ எழுதியிருக்கிறதே, அழகாக இருக்கிறது, என்ன அது என்று கேட்டார். அப்போதுதான் வாசித்தேன். "ஒரே விலை. பேரம் கிடையாது" என்று மொழிபெயர்த்தேன். சிரித்தார்.

பிறகு படிவம் வந்தது. படிவம் இல்லாமல் இங்கே ஆணிகூட அடிக்க முடியாது. படத்தில் முகம் தெரிகிற ஆளின் பெயர், அவருடைய ஒப்புதல், எடுத்தவருக்கும் அவருக்கும் என்ன உறவு. பெயர் தெரியாது, வாயால் ஒப்புக்கொண்டார், உறவு எதுவும் இல்லை என்று மூன்று கட்டத்தையும் நிரப்பினேன். பொது இடம், பெயர் தெரியாதவர், வாயாலாவது கேட்டிருக்கிறாய், இது போதும் என்றார் ஹெல்கா. படத்துக்குக் கீழே அழகான அட்டை வைத்தார்கள்: 'பெயர் தெரியாத பெண், பாம்பன்'.

சுவரில் தொங்கும் படத்தின் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து, பள்ளித் தோழிகள் குழுவில் போட்டேன். பெருமையில்தான்.

5

மறுநாள் பாத்திமா கூப்பிட்டாள். கீழக்கரைக்காரி, பத்தாம் வகுப்பில் எனக்கு முன் பெஞ்சு. வீட்டுக்காரர் வளைகுடாவில். குழுவை நடத்துகிறவள் அவள். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள்.

"ஏ ஜெர்மனிக்காரி, போட்டோவுக்குக் கீழ என்னமோ எழுதி வச்சிருக்கே, அவ பேரா?"

"இல்லடி. பெயர் தெரியாத பெண், பாம்பன்னு போட்டிருக்கு."

 

"நெசமாத்தான் சொல்றியா?"

"என்னடி?"

"யா அல்லாஹ். அது சகாயம்டி. நம்ம சகாயமேரி. ஹாஸ்டல்ல ஒங்கூடத்தான இருந்தா."

துணி மெஷின் முடிந்துவிட்டது என்று கூப்பிட ஆரம்பித்தது. போய் அதை அணைத்துவிட்டு வந்தேன்.

"அவளுக்கு ஒன்னைய அன்னைக்கே தெரிஞ்சிருச்சு" என்றாள் பாத்திமா. "எங்க வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடற கருவாடெல்லாம் அவகிட்டதான் வாங்குறேன். போனப்பச் சொன்னா. ராக்கு மகளோட வந்திருந்தா, எந்த ஊருன்னு கேட்டேன், மதுரைன்னா, மறுபடியும் கேட்டேன், அப்பவும் மதுரைன்னா. மக பக்கத்துல நிக்கிறா, அவளுக்கு என்ன சங்கடமோ, காட்டிக்க வேணாம்னு நெனைக்கிறா போல, நானும் மதுரைக்காரம்மாவாவே வச்சுக்கிட்டுச் சிரிச்சேன்னா. நீ வேணும்னுதான் அப்படிச் செஞ்சியோன்னு நானும் ஒங்கிட்டக் கேக்கல. இன்னைக்கு மனசு கேக்கல."

"எனக்குத் தெரியலடி. சத்தியமாத் தெரியல."

"அத எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய?" என்றாள் பாத்திமா. சகாயத்தின் நம்பரை அனுப்பினாள்.

6

சகாயமேரியைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்கிறேன், அது போதும்.

இராமநாதபுரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பெண்கள் பள்ளி, பக்கத்திலேயே ஹாஸ்டல். நான் உள்நாட்டுப் பிள்ளை, வயல் பக்கம். அவள் பாம்பன், அவள் அம்மா கடலுக்குள் இறங்கிப் பாசி எடுக்கிறவர். அடுத்தடுத்த பாய். பத்தாம் வகுப்பு முடியப்போகிற நேரம், வகுப்புப் போட்டோ எடுக்க ஸ்டுடியோக்காரர் வந்தார். பச்சைப் பாவாடை, வெள்ளைத் தாவணி, எல்லாரும் தலை நிறையப் பூ. வரிசையில் நிற்கக் கூப்பிட்ட நேரத்தில் எனக்குத் தூரமாகி, பாவாடை முழுக்கக் கறை. இன்னொரு பாவாடை துவைத்துக் கொடியில் ஈரமாகக் கிடந்தது. நான் குளியலறையில் நின்று அழுதுகொண்டிருந்தேன். சகாயம் வந்து கதவைத் தட்டினாள். "அழுகாத. கழட்டு" என்றாள். தன் பாவாடையை அவிழ்த்து எனக்குக் கொடுத்துவிட்டு, என்னுடைய கறைப் பாவாடையைத் தான் கட்டிக்கொண்டாள். வயிற்று வலி என்று சிஸ்டரிடம் சொல்லச் சொல்லி அறையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் போட்டோ இப்போதும் என் பெட்டியில் இருக்கிறது. நான் வரிசைக்கு ஓரத்தில் நிற்கிறேன். சகாயம் என்னைவிடக் குட்டை, அதனால் பாவாடை எனக்கு ஏறி, கணுக்கால் தெரிகிறது. நாற்பத்திரண்டு பிள்ளைகள் இருக்கிறோம். சகாயம் இல்லை.

பத்தாவதோடு அவள் படிப்பு நின்றது. அம்மாவோடு பாசிக்குப் போனாள். எனக்கு இரண்டு கடிதம் போட்டாள். ஒன்றுக்குப் பதில் எழுதினேன். இரண்டாவதுக்கு, பிளஸ் ஒன் பாடம் அதிகம், அரைப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளினேன். அரைப் பரீட்சை முடிந்தது. எழுதவில்லை.

ஆக, என்னிடம் இருக்கிற சகாயத்தின் ஒரே போட்டோ, நூலகத்தில் பெயர் தெரியாத பெண் என்று தொங்கிக்கொண்டிருப்பதுதான்.

7

படத்தை போனில் விரித்து விரித்துப் பார்த்தேன். முகத்தில் சகாயம் இருக்கிறாளா என்று தேடினேன். முப்பது வருஷம், உப்புக் காற்று, கண்ணாடி. பாத்திமா சொல்லாவிட்டால் இப்போதும் தெரிந்திருக்காது என்று எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் கீழே இறங்கிக் கையைப் பார்த்தேன். மடியில் இரண்டு கையும் மூடியிருந்தன. கட்டைவிரல் இரண்டும் உள்ளங்கைக்குள். சிஸ்டர் முன்னால் நின்று திட்டு வாங்கும்போது சகாயம் அப்படித்தான் கையை வைத்துக்கொள்வாள். நாங்களெல்லாம் அழுதுவிடுவோம். அவள் கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு சிரித்த மாதிரி நிற்பாள்.

நான் எடுத்த நான்கு படத்திலும் கை அப்படியேதான் இருந்தது.

நிலாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். அது அபூர்வம். பிறகு, அதிசயமாகத் தமிழில், "எனக்கு அப்பவே தோணுச்சும்மா" என்றாள். "அவங்க உன்னை அப்படிப் பார்த்தாங்க. உங்க ரெண்டு பேருக்கும் ஏதோ பழைய சண்டைன்னு நினைச்சேன். அதான் நீ மதுரைன்னு சொன்னேன்னு நினைச்சேன்." அந்தச் சங்கு அவள் புது அறையில் ஜன்னலில் இருக்கிறதாம். மகளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அவளுக்குப் போட்டோ எடுக்கிற வேலை இல்லை, அதனால் முகத்தைப் பார்த்திருக்கிறாள்.

நம்பர் என் கையில் ஒன்பது நாள் இருந்தது. கூப்பிட்டு என்ன சொல்வது? உன்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை என்றா, தெரியாமல் பொய் சொன்னேன் என்றா? எதைச் சொன்னாலும் இன்னொன்று மோசமாகத் தெரிந்தது. கடைசியில் ஹெல்காவிடம் போனேன், பெயரையாவது திருத்திவிடலாம் என்று. படிவத்தை எடுத்து, சகாயமேரி, பள்ளித் தோழி என்று எழுதப்போனேன். ஹெல்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு சிக்கல் இருக்கிறது" என்றார். "தெரியாதவர் என்றால் வாயால் சொன்னது போதும் என்று விட்டேன். இப்போது யாரென்று தெரிந்துவிட்டதே. பெயர் போட்டால் அவர் கையெழுத்து வேண்டும்."

தெரியாதவளாக இருக்கிறவரை சுவரில் இருக்கலாம். தெரிந்தவளாகிவிட்டால் கையெழுத்து. வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் எனக்கு ஒரு வகையில் நிம்மதியாகத்தான் இருந்தது. கூப்பிட ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது.

8

சனிக்கிழமை காலையில் கூப்பிட்டேன். அங்கே நடுப்பகல். போனில் முதலில் காற்றுத்தான் கேட்டது.

"அலோ, யாரு? கருவாடா?"

"சகாயமா?"

"ஆமா. நீங்க யாரு?"

"நான் ராக்கு."

காற்று. யாரோ சங்கை ஊதிப் பார்க்கிற சத்தம். "ஊதிட்டு வச்சிருங்க, எச்சி பண்ணாதீங்க" என்று அவள் அந்தப் பக்கம் யாரிடமோ சொன்னாள். பிறகு போனுக்குத் திரும்பினாள்.

"எந்த ஊரு ராக்கு?"

கோபமாகக் கேட்கவில்லை. அன்று கடையில் கேட்ட அதே குரல்.

மதுரை என்று வரவில்லை. நான் இருக்கிற இந்த ஊரின் பெயரும் வரவில்லை. "ஒன் பாவாடையைக் கட்டிக்கிட்டுப் போட்டோவுக்கு நின்ன ராக்கு" என்றேன்.

"ஓ. அந்த ராக்குவா. நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்க சகாயம்? நீ கண்ணாடி போட்டிருந்த, மெலிஞ்சு போயிருந்த, எனக்கு அடையாளமே..."

"வயசாச்சுல்ல. என்னைய அடையாளங் கண்டுக்கிறது கஷ்டந்தான். அதுல ஒண்ணுமில்ல."

"நீ ஏன் அப்பவே சொல்லல? நான்தான்டி சகாயம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டு தடவ கேட்டேனே" என்றாள்.

நான் விளக்கத் தொடங்கினேன். வெளிநாடு என்றால் இப்படி, அதனால் நாங்கள் இப்படிச் சொல்வோம், பழக்கமாகிவிட்டது என்று. பேசப் பேச எனக்கே அசிங்கமாக இருந்தது. நடுவில் பதற்றத்தில் இரண்டு வார்த்தை ஜெர்மனில் வேறு வந்து விழுந்தது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"வெல கூடச் சொல்லிருவோம்னு பயமா?"

"அதுவும்தான்."

"என் கடையில வெல எழுதித்தான தொங்கவிட்டிருக்கேன்."

நான் அழுதேன். அவளுக்குக் கேட்டிருக்கும். அழாதே என்று அவள் சொல்லவில்லை. அன்று குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சொன்னாள். இப்போது காத்துக்கொண்டிருந்தாள், கடையில் ஆள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிற மாதிரி. மூக்கைத் துடைத்துக்கொண்டு நான் விஷயத்துக்கு வந்தேன்.

"அந்தப் போட்டோவ இங்கன நூலகத்துல மாட்டியிருக்காங்க சகாயம். எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒம் பேரப் போடணும்னு நெனைக்கிறேன். அதுக்கு ஒன் கையெழுத்து வேணுங்கிறாங்க. பாத்திமாவுக்குத் தாள அனுப்புறேன், ஒரு கையெழுத்து மட்டும்..."

"அந்தப் போட்டோவ மதுரைக்காரம்மா கேட்டாக. எடுத்துக்கங்கன்னேன். அது அவுக போட்டோ. பேரு எதுக்கு?"

"சகாயம்."

"ராக்கு எங்கிட்ட இன்னும் போட்டோவே கேக்கலையே."

"இப்பக் கேக்குறேன்டி."

"போன்லயா?" என்றாள். முதல் தடவையாக அவள் குரல் கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது. அது என் ஆசையாகவும் இருக்கலாம். "நேர்ல வந்து கேளு. யோசிச்சுச் சொல்றேன். இப்ப ஆளு நிக்கிது, வச்சிர்றேன்."

9

திங்கட்கிழமை நூலகத்துக்குப் போய்ப் படத்தை இறக்கச் சொன்னேன். அந்தப் பெண் மறுத்துவிட்டாரா என்று கேட்டார் ஹெல்கா. அவள் கொடுத்த அனுமதி அப்படியேதான் இருக்கிறது, வாங்கினவள்தான் இல்லை என்று என் ஜெர்மனில் சொல்லப் பார்த்தேன். வாயில் வரவில்லை. "அனுமதி இல்லை" என்றேன். அது அவருக்கு உடனே புரிந்தது. ஏணி கொண்டுவந்து அவரே கழற்றி, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். அந்த இடத்தில் இப்போது ஆட்டுக் கூட்டம் படுத்திருக்கிறது.

அடுத்த ஆடிக்குப் போகப் பணம் சேர்க்க வேண்டும், லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் சரி என்றுவிட்டார். மகள் வருவாளா தெரியவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன், போனைப் பையிலேயே வைத்துக்கொண்டு. அவள் யோசித்து என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. வேண்டாம் என்றும் சொல்லலாம். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

படத்தைச் சாப்பாட்டு மேஜையில் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். பகல் இரண்டு மணிக்கு வந்து, தட்டைப் போட்டுக்கொண்டு அதற்கு எதிரே உட்காருகிறேன். சிங்கப்பூர்க்காரர் எழுதியது சரிதான், நல்ல சிரிப்பு. மதுரைக்காரம்மாவுக்குச் சிரித்தது.